கல்விச் சுதந்திரத்தைத் தொழிற்சங்கம் காக்குமா?

வகுப்பில் சொன்ன ஒரு கருத்துக்காகவோ, வெளியிட்ட ஓர் ஆய்வுக்காகவோ, பொதுமேடையில் பேசியதற்காகவோ ஒரு பேராசிரியர் வேலை இழக்கிறார். அவருக்காக யார் போய் நிற்பது? நூறாண்டுக்கும் மேலாக இதற்கு மூன்று விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. சக அறிஞர்களின் கண்டனமே போதும் என்பது ஒன்று. அரசியல் சட்டமும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. சங்கமும் அது நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தமும்தான் கைகொடுக்கும் என்பது மூன்றாவது.

முதலிரண்டையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சம்பள உயர்வுக்கும் பஞ்சப்படிக்கும் போராடுகிற அமைப்பு, சிந்தனைச் சுதந்திரம் போன்ற நுட்பமான ஒன்றைக் காக்க முடியுமா என்ற ஐயத்தால் மூன்றாவது விடையைக் கல்வியுலகமே நெடுங்காலம் ஓரத்தில் வைத்திருந்தது. அந்த ஐயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் சாதித் திமிருக்கு நிகரான தொழில் திமிரும் இருக்கிறது. இந்த வாதம் மிக விரிவாக நடந்த இடங்கள் அமெரிக்காவும் கனடாவும் என்பதால் இக்கட்டுரையின் பெரும்பகுதி அங்கேயே நிற்கிறது.

எதைக் கல்விச் சுதந்திரம் என்கிறோம் என்பதில் ஓரளவு உடன்பாடு உண்டு. ஆய்வு செய்து வெளியிடும் உரிமை, பாடம் நடத்தும் உரிமை, தான் வேலை பார்க்கும் நிறுவனத்தையே விமர்சிக்கும் உரிமை, குடிமகனாக வெளியில் பேசும் உரிமை ஆகிய நான்கும் அதில் அடங்கும். உயர்கல்வி ஆசிரியர் நிலை குறித்து யுனெஸ்கோ 1997-இல் ஏற்ற பரிந்துரை இவற்றையெல்லாம் சொல்வதோடு, கூட்டுப் பேர உரிமையையும் அதே ஆவணத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அது பரிந்துரைதான்; எந்த அரசையும் கட்டுப்படுத்தாது.

ஊழியர் அல்லர் என்ற வாதம்

1900-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து எட்வர்ட் ராஸ் என்ற பொருளியல் பேராசிரியர் வெளியேற்றப்பட்டார். மறைந்த ரயில்வே முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்கு ராஸின் பேச்சு பிடிக்கவில்லை. பல்கலைக்கழகம் அவர் பிடியில் இருந்தது. ராஸ் பேசியவற்றுள் ஆசியத் தொழிலாளர் குடியேற்றத்துக்கு எதிரான இனவாதமும் இருந்தது. கல்விச் சுதந்திர வரலாற்றின் நாயகர்கள் எல்லாரும் நல்ல கருத்துக்காக அடிவாங்கியவர்கள் அல்லர் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. அவருக்காகப் பதவி விலகிய தத்துவப் பேராசிரியர் ஆர்தர் லவ்ஜாய், 1915-இல் ஜான் டூயியைத் தலைவராகக் கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் தொடங்கியபோது அதன் முக்கிய கர்த்தாக்களில் ஒருவராக இருந்தார். சுருக்கமாக அதை ஏ.ஏ.யு.பி. என்பார்கள்.

அந்த ஆண்டே அது வெளியிட்ட கொள்கை அறிக்கையின் மையம் ஓர் ஒப்புமை. குடியரசுத் தலைவர் நீதிபதியை நியமிக்கிறார். அதனால் தீர்ப்பு எப்படி இருக்கவேண்டும் என்று அவர் உத்தரவு போட முடியாது. அறங்காவலர் குழு பேராசிரியரை நியமிப்பதும் அப்படித்தான். நியமனம் உண்டு, ஆனால் அவர் ஊழியர் அல்லர். 1940-இல் கல்லூரிகளின் கூட்டமைப்போடு சேர்ந்து வெளியிட்ட இன்னோர் அறிக்கை, டெனியூர் எனப்படும் நிரந்தரப் பணியுரிமையைக் கல்விச் சுதந்திரத்தின் அரணாக நிறுத்தியது. இன்றுவரை அமெரிக்கக் கல்லூரிகளின் விதிப் புத்தகங்கள் அதைத்தான் மேற்கோள் காட்டுகின்றன.

இந்த நிலைப்பாட்டின் கம்பீரத்தை மறுக்க முடியாது. 1949-50-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கம்யூனிஸ்ட் அல்லேன் என்ற உறுதிமொழியில் எல்லாரையும் கையெழுத்திடச் சொன்னபோது மறுத்தவர்களில் வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கான்டரோவிச் ஒருவர். ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி வந்த யூதர். இளமையில் ஜெர்மனியில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி பிடித்தவர். அவருடைய மறுப்பு கம்யூனிஸத்துக்கான ஆதரவு அன்று. நீதிபதி, குருமார், பேராசிரியர் ஆகிய மூவரும் அங்கி அணிபவர்கள், தம் மனச்சாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்பதே அவர் வாதம். 1950 ஆகஸ்டில் 31 பேர் நீக்கப்பட்டார்கள்.

கம்பீரம் அவர்கள் வேலையைக் காக்கவில்லை. ஏ.ஏ.யு.பி.யின் கையிலிருந்த ஆயுதம் விசாரணை அறிக்கையும் கண்டனப் பட்டியலும்தான். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்தில் அதைக்கூட அது உரிய நேரத்தில் எடுக்கவில்லை; பெரிய வழக்குகள் குறித்த அறிக்கை 1956-இல், புயல் அடங்கத் தொடங்கிய பிறகே வந்தது. கண்டனத்துக்கு வெட்கப்படுகிற நிர்வாகம் இருந்தால்தான் கண்டனத்துக்குப் பலன் உண்டு.

நீதிமன்றக் குடையின் அகலம்

நீக்கப்பட்ட கலிபோர்னியாப் பேராசிரியர்களுக்கு 1952-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் வழி திறந்தது. 1967-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் எழுந்த கெயிஷியன் வழக்கில், ஆசிரியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் சட்டங்களை நாட்டின் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிபதி பிரென்னன் எழுதிய அத்தீர்ப்பு, கல்விச் சுதந்திரத்தைப் பேச்சுரிமையின் தனிக் கவலையாகவே குறிப்பிட்டது.

அதற்குப் பிறகு குடை சுருங்கியது. அமெரிக்கப் பேச்சுரிமைச் சட்டம் அரசுக்கு மட்டுமே கடிவாளம். தனியார் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது. 2006-இல் கார்செட்டி வழக்கில், அரசு ஊழியர் தம் கடமையின் பகுதியாகப் பேசுவதற்குப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பு வந்தது. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் தீர்க்காமலே விட்டுவிட்டது.

வழக்கில் வென்றாலும் என்ன கிடைக்கிறது என்பது வேறு விஷயம். 2014-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகம், காசா போர் குறித்த ட்விட்டர் பதிவுகளுக்காக ஸ்டீவன் சலைட்டா என்பவருக்குக் கொடுத்திருந்த பணிவாய்ப்பைத் திரும்பப் பெற்றது. அவர் ஏற்கெனவே பழைய வேலையை விட்டிருந்தார். அந்த வளாகத்தின் நிரந்தரப் பேராசிரியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை பெற்ற சங்கம் கிடையாது. ஏ.ஏ.யு.பி. கண்டித்தது, வழக்கு நடந்தது, 2015-இல் ஆறு லட்சம் டாலரும் வழக்குச் செலவும் தரப்பட்டு சமரசம் ஆயிற்று. வேலை திரும்பி வரவில்லை.

ஒப்பந்தம் செய்யும் வேலை

1965 டிசம்பரில் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 31 ஆசிரியர்களுக்கு வேலைநீக்கக் கடிதம் அனுப்பியது. குற்றச்சாட்டோ விசாரணையோ இல்லை. பலரை மறுநாள் வகுப்பறைப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். சம்பளம், நிர்வாகத்தில் பங்கு, கல்விச் சுதந்திரம் என எல்லாம் கலந்த பிணக்கு அது. 1966 ஜனவரியில் அமெரிக்கப் பல்கலைக்கழக வரலாற்றின் முதல் பெரிய ஆசிரியர் வேலைநிறுத்தம் அங்கே தொடங்கி, நீக்கப்பட்டவர்களை மீட்காமலே முடிந்தது. ஆனாலும் சில ஆண்டுகளில் அதே வளாகத்தில் ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேர ஒப்பந்தம் வந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியிலேயே வந்துவிட்டது. தொழிற்சங்கம் என்ற சொல்லையே தவிர்த்துவந்த ஏ.ஏ.யு.பி., 1972-இல் கூட்டுப் பேரத்தைத் தன் கொள்கையாக ஏற்றது. 2022-இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்போடு இணைந்தும் விட்டது.

சங்க ஆதரவாளர்களின் வாதம் முழக்கத்தை நம்பி நிற்பதில்லை. அது நடைமுறையை நம்புகிறது. ஒப்பந்தத்தில் கல்விச் சுதந்திரம் ஒரு விதியாக எழுதப்படுகிறது. அதை மீறியதாகக் கருதும் ஆசிரியர், குறித்த நாள்களுக்குள் சங்கத்தின் வழியாகப் புகார் மனு கொடுக்கலாம். துறைத்தலைவர் அல்லது புலத்தலைவர் மட்டத்தில் பேச்சு. தீராவிட்டால் அதற்கு மேல் மட்டம். அங்கும் தீராவிட்டால் இரு தரப்பும் ஏற்ற நடுவர். ஒழுங்கு நடவடிக்கைக்குத் தக்க காரணம் உண்டு என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில் விழுகிறது. நடுவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நீக்கியவரே மேல்முறையீட்டையும் விசாரிக்கும் வழக்கம் இங்கே முடிவுக்கு வருகிறது. பத்துப் பக்க அறிக்கையைவிட இது வலிமையானது என்பதில் ஐயமில்லை.

இந்த வழியில் மிகத் தொலைவு போன நாடு கனடா. 1958-இல் வின்னிபெக்கின் யுனைட்டெட் கல்லூரியில் வரலாறு கற்பித்த ஹாரி க்ரோ, சக ஆசிரியர் ஒருவருக்கு நிர்வாகத்தையும் அங்கிருந்த மதச் சூழலையும் கேலிசெய்து தனிப்பட்ட கடிதம் எழுதினார். அது எப்படியோ முதல்வரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது, க்ரோ நீக்கப்பட்டார். கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர் கழகம் அனுப்பிய இருவர் குழு, நீக்கம் நியாயமற்றது என்றது. அந்த இருவரில் ஒருவரான போரா லாஸ்கின் பிற்காலத்தில் நாட்டின் தலைமை நீதிபதி ஆனார். நிரந்தர அலுவலகம்கூட இல்லாதிருந்த அக்கழகம் இந்த வழக்கால்தான் தேசிய அமைப்பாக நிமிர்ந்தது. 1970கள் தொடங்கி வளாகம் வளாகமாகச் சங்கங்கள் அங்கீகாரம் பெற, இன்று கனடாவின் முழுநேரப் பேராசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள்.

ஒப்பந்தம் எவ்வளவு நுட்பமான இடத்திலும் கைகொடுக்கலாம் என்பதற்கு டொராண்டோவில் அன்று ரையர்சன் எனப்பட்ட பல்கலைக்கழகம் சான்று. மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண்ணை வைத்துப் பதவி உயர்வும் நிரந்தரமும் தீர்மானிக்கலாமா என்பது பல ஆண்டு இழுபறி. 2018-இல் நடுவர் வில்லியம் கப்லான், கற்பிக்கும் திறனை அளக்க அந்த மதிப்பெண்களைப் பயன்படுத்தக்கூடாது என்று தீர்த்தார். கடினமான பாடம், கசப்பான உண்மை, கறாரான திருத்தம் எல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்த அச்சத்தை அகற்றுவதும் கல்விச் சுதந்திரமே. எந்த அரசியல் சட்ட வழக்கும் இந்த மூலைக்கு எளிதில் எட்டியிருக்காது.

உன்னதம் என்ற முட்டுக்கட்டை

1915-இன் ஒப்புமை 1980-இல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. நியூயார்க்கின் யெஷீவா பல்கலைக்கழக ஆசிரியர்கள் தம் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள். பாடத்திட்டம், தேர்ச்சி, நியமனம் எல்லாவற்றிலும் உங்கள் சொல்தானே செல்கிறது, அப்படியானால் நீங்கள் தொழிலாளர் அல்லர், நிர்வாகிகள் என்று 5-4 பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை எதிர்த்து எழுதியவர், கெயிஷியன் தீர்ப்பை எழுதிய அதே பிரென்னன். பெரும்பான்மையினர் பார்ப்பது இடைக்கால அறிஞர் குழாம்; இன்றைய பல்கலைக்கழகத்தை ஓட்டுவது தொழில்முறை நிர்வாகம் என்பது அவர் நிலைப்பாடு. தனியார் பல்கலைக்கழகங்களில் சங்கங்களின் வளர்ச்சி இத்தீர்ப்போடு நின்றுபோனது. 2014-இல் தொழிலுறவு வாரியம் கொஞ்சம் தளர்த்தியும் பழைய வேகம் வரவில்லை.

இந்தியாவில் இதே முடிவு வேறு வாசல் வழியாக வந்தது. 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர்கள் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளர் ஆகமாட்டார்கள் என்றது உச்ச நீதிமன்றம். கல்வி புகட்டல் ஓர் உன்னதப் பணி என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. வழக்கு தொடுத்தவர் கோவாவில் வேலை இழந்த ஒரு பள்ளி ஆசிரியை. பணியை உயர்த்திச் சொல்லிப் பாதுகாப்பைக் குறைப்பதில் அமெரிக்க, இந்திய நீதிமன்றங்களிடையே இப்படியோர் ஒற்றுமை.

சங்கமே கைவிட்டபோது

சங்கத்தின் மீதுள்ள கனமான ஆட்சேபம் இனித்தான் வருகிறது. 1940-42-இல் நியூயார்க் மாநில சட்டமன்றத்தின் ராப்-கூடர்ட் குழு கம்யூனிஸ்ட் ஆசிரியர்களைத் தேடி வளாகங்களுக்குள் புகுந்தது. நகரக் கல்லூரியில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு அரணாக நின்றிருக்க வேண்டிய அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு, கம்யூனிஸ்ட் செல்வாக்கு என்ற காரணத்தால் தன் நியூயார்க் கிளைகளையே 1941-இல் வெளியேற்றியது. ஏ.ஏ.யு.பி. பத்தாண்டு கழித்துத் தவறியது என்றால், தொழிற்சங்கம் அதற்கு முன்பே தவறிவிட்டது.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியை கேத்லீன் ஸ்டாக், பாலினம் குறித்த தம் கருத்துகளுக்காக மாணவர் எதிர்ப்பைச் சந்தித்தார். துணைவேந்தர் அவருடைய கல்விச் சுதந்திரத்தை ஆதரித்து அறிக்கை விட்டார். ஆசிரியர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையோ, யாரையும் உடனடியாக நீக்கச் சொல்லவில்லை என்று கூறிக்கொண்டே, வளாகத்தில் திருநர் விரோதம் நிலவுகிறதா என்று விசாரிக்கக் கோரியது. தம் வேலைக்கு முடிவு கட்டியது அந்த அறிக்கைதான் என்றார் ஸ்டாக், அம்மாதமே விலகினார். அவர் கருத்து சரியா என்பது வேறு விவாதம். சங்கம் பெரும்பான்மையின் அமைப்பு. கல்விச் சுதந்திரம் பெரும்பாலும் தேவைப்படுவது தனித்து நிற்பவருக்கு.

இதற்குச் சங்கத்தரப்பில் ஒரு பதில் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற சங்கம் தனக்குப் பிடிக்காதவரையும் பாகுபாடின்றிப் பிரதிநிதித்துவம் செய்யவேண்டும். ஆனால் ஒரு புகாரை நடுவர்வரை கொண்டுபோவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது வழக்கமாகச் சங்கமே. அந்தக் கதவின் சாவி அதன் நிர்வாகக் குழுவிடம் இருக்கும்வரை ஆட்சேபம் முழுதாகத் தீராது.

சட்டமன்றம் கைவைத்தால்

ஒப்பந்தத்தின் வலிமை அதை அனுமதிக்கும் சட்டத்தின் வலிமைதான். விஸ்கான்சின் மாநிலம் 2009-இல் தன் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கொடுத்த கூட்டுப் பேர உரிமையை 2011-இல் பறித்தது. 2015-இல் நிரந்தரப் பணியுரிமையையே மாநிலச் சட்டத்திலிருந்து எடுத்தது.

ஃப்ளோரிடாவின் கதை இன்னும் துலக்கமானது. 2021-இல் மாநில அரசின் தேர்தல் சட்டத்துக்கு எதிரான வழக்கில் நிபுணர் சாட்சி சொல்ல மூன்று அரசியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அனுமதி மறுத்தது. மாநிலத்தின் நலனுக்கு முரண் என்பது காரணம். சங்கம் பகிரங்கமாகச் சண்டைக்கு நின்றது, நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது, சில நாள்களில் பல்கலைக்கழகம் பின்வாங்கியது. 2022 ஜனவரியில் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் அந்தக் கொள்கைக்குத் தடை விதித்தது. 2023-இல் மாநில சட்டமன்றம் வேறொரு சட்டத்தால் பதில் சொன்னது: பெரும்பாலான அரசுத்துறைச் சங்கங்கள் சம்பளப் பட்டியலில் சந்தா பிடிக்கக்கூடாது, தம் வரம்புக்குட்பட்ட ஊழியரில் 60 விழுக்காட்டினர் சந்தா கட்டும் உறுப்பினராக இல்லாவிட்டால் அங்கீகாரத்துக்கு மறுதேர்தல். காவலர், தீயணைப்பு போன்ற சங்கங்களுக்கு விலக்கு. 2025-இல் ஒஹையோ மாநிலம் பேராசிரியர் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ததோடு, நிரந்தரமும் மதிப்பீடும் ஆட்குறைப்பும் பேரத்துக்கு உரியவை அல்ல என்று சட்டம் செய்தது.

சங்கங்களால் பயனில்லை என்றால் இவ்வளவு சட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பாதிதான் நியாயமான கேள்வி; இச்சட்டங்களின் இலக்கில் கல்விச் சுதந்திரத்தோடு தேர்தல் அரசியலும் நிதியும் கலந்திருக்கின்றன.

தமிழகமும் யாழ்ப்பாணமும்

தமிழ்நாட்டில் ஏ.யு.டி., மூட்டா போன்ற கல்லூரி ஆசிரியர் அமைப்புகள் கேட்டுப் பெற்றவை பெரும்பாலும் சட்டங்களும் அரசாணைகளும்; ஒப்பந்தங்கள் அல்ல. 1976-ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்காற்றுச் சட்டம் அவற்றுள் முதன்மையானது. அதன்பின் தாளாளர் நினைத்த மாத்திரத்தில் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. கல்வித்துறை அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். கல்விச் சுதந்திரம் என்ற பெயரைச் சொல்லாமலே அதற்கு ஓர் அடித்தளத்தை இது போட்டது. அரசுக் கல்லூரி ஆசிரியருக்கோ 1973-இன் அரசு ஊழியர் நடத்தை விதிகளும் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி குறிப்பாணையும் எப்போதும் தலைக்கு மேல் உண்டு.

நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த பெருமாள்முருகன் 2015-இல் தம் நாவலுக்காக முடக்கப்பட்டபோது உயர் நீதிமன்றத்துக்குப் போனது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் தலைமை. 2016 ஜூலைத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. அமைப்பு ஒன்று கூட நின்றால் தனிமனிதர் ஒதுங்கிப்போன பிறகும் வழக்கு நடக்கும் என்பதை அது காட்டியது. அந்த அமைப்பு ஆசிரியர் சங்கமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை என்பதையும் காட்டியது.

இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 2012-இல் ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்பது அதன் பெயர்பெற்ற முழக்கம். பல்கலைக்கழகங்களில் அரசியல் தலையீடு நிற்கவேண்டும் என்பதும் அதோடு இருந்தது. ஆனால் 2019-இல், நாவற்குழியில் காணாமல் ஆக்கப்பட்டோர் வழக்கில் ஆஜரான யாழ். பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவர் குமாரவடிவேல் குருபரன், இராணுவம் கேள்வி எழுப்பியதைத் தொடர்ந்து வழக்கறிஞர் பணி செய்யத் தடுக்கப்பட்டார். 2020 ஜூலையில் அவர் பதவி விலகினார். அதே வளாகத்தின் உடற்கூறியல் துறைத்தலைவர் ராஜினி திராணகம 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது எந்த ஒப்பந்தமும் குறுக்கே நின்றிருக்க முடியாது. சங்கம் என்பது சட்டம் ஓரளவேனும் நடமாடும் ஊருக்கான கருவி.

தீராத கணக்குகள்

சங்கம் உள்ள வளாகத்தில் கல்விச் சுதந்திரம் கூடுதலா என்று அளந்து சொல்வது கடினம். அச்சத்தால் எழுதப்படாத கட்டுரையை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை. புகார் மனு அதிகம் பதிவாகும் வளாகம் மோசமான வளாகமா, பயமின்றிப் புகார் கொடுக்க முடிகிற வளாகமா என்பதும் எண்ணிக்கையில் தெரியாது. கனடாவின் ஒப்பந்தங்கள் நம்பிக்கை தருகின்றன. அங்கே பொதுவான தொழிலாளர் சட்டமே சாதகமானது என்பதால் அதை அப்படியே வேறு நாட்டுக்கு நீட்டுவதில் எச்சரிக்கை தேவை.

கைவசமுள்ள சான்றுகளிலிருந்து இவ்வளவு சொல்லலாம்: தண்டனை கொடுத்தவரிடமிருந்து மறுவிசாரணையைப் பிடுங்கி மூன்றாவது ஒருவரிடம் கொடுக்கும் இடத்தில்தான் சங்கத்தின் பங்களிப்பு உறுதியானது. கருத்துப் போராட்டத்தில் அதன் நிலைப்பாடு நம்பகமானது அன்று. 1941-உம் 2021-உம் அதற்குச் சாட்சி.

மிகப் பெரிய திறந்த கேள்வி, இந்தப் பாதுகாப்பு யாரைச் சேருகிறது என்பது. ஏ.ஏ.யு.பி.யின் கணக்குப்படி அமெரிக்க உயர்கல்வி ஆசிரியரில் நிரந்தரத்துக்கு வழியில்லாதவர்கள் 1987-இல் 47 விழுக்காடு; 2021-இல் 68. அவர்களை நீக்கவேண்டியதில்லை; அடுத்த பருவத்துக்கு அழைக்காமல் விட்டாலே போதும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இந்த நிலை புதிதன்று. நிரந்தர ஆசிரியர் சங்கங்கள் இவர்களையும் முழு உறுப்பினராக்கி, மறுநியமனம் மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேட்கும் உரிமையைப் பேரத்தின் முதல் இனமாக வைக்கவேண்டும். இன்றைய கோரிக்கைப் பட்டியல்கள் பெரும்பாலானவற்றில் இதற்கு முன் ஊதிய நிலுவைதான் நிற்கிறது.